மினுங்கும் பாடி லோஷன் மாநிறத்தில் சாம்பல் பூத்த மாதிரித் தெரிகிறது, என்ன செய்யலாம்?

தெஹிவளை_பின்னேரம் கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்பு, இரவு 7 மணிக்கு. கையில்லாத பிளவுஸ், கரும்பச்சைப் பட்டுச் சாறி. தோளிலும் கையிலும் காறை எலும்பிலும் பூசுவதற்கு மினுங்கும் மொய்ஸ்சரைசர் ஒன்று எடுத்துப் பரீட்சித்துப் பார்க்கிறேன். வெள்ளை லோஷன், உள்ளே முத்து நிறத் துகள். நான் நல்ல மாநிறம். பூசினவுடன் வடிவாக இருக்கிறது, காய்ந்ததும் சாம்பல் பூத்துவிடுகிறது. முழங்கை மடிப்பில் கோடு கோடாகச் சேருகிறது. சன்ஸ்கிரீனுக்கு மேலே பூசினால் அழுக்கு மாதிரி உருண்டு வருகிறது. எந்த நிறம் எடுக்க வேண்டும், எவ்வளவு பூச வேண்டும், பட்டில் படாமல் எப்படிப் பார்ப்பது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஒப்பனை_அறை எழுதியது:

தங்கச்சி, சாம்பல் பூக்கிறதுக்கு உங்கட தோல் காரணம் இல்லை, துகளின்ர நிறம்தான். போத்தலைத் திருப்பி மூலப்பொருள் வரியின்ர கடைசியைப் பாருங்கோ. மைக்கா (மினுங்கிற கனிமத் தகட்டுத் தூள்), டைட்டானியம் டையொக்சைட் (வெள்ளை நிறமி) இரண்டும் மட்டும் இருந்தால் அது வெள்ளி முத்து. சில போத்தலில பெயருக்குப் பதிலா சி.ஐ. 77019, சி.ஐ. 77891 எண்டு எண்தான் இருக்கும். அந்தத் துகள் வெளிச்சத்தை வெள்ளையாத் தெறிக்க விடும். வெளிர் தோலில அது கலந்துபோகும், மாநிறத்தில தனிப் படலமாப் பிரிஞ்சு நிக்கும். லோஷன் ஈரமா இருக்கும்வரை அவ்வளவு தெரியாது, தண்ணி ஆவியானாப் பிறகுதான் வெளிக்கும். அதாலதான் பூசினவுடன வடிவா இருந்து பிறகு மாறுது.

நீங்கள் தேட வேண்டியது அயன் ஒக்சைட் சேர்ந்தது, சி.ஐ. 77491 எண்டு இருக்கும். பொன், வெண்கலம், செம்பு நிறம் எல்லாம் அதாலதான் வருது. மாநிறத்துக்கு வெண்கலம், இன்னும் கறுப்பா இருந்தால் செம்பு. கரும்பச்சைப் பட்டுக்கும் பொன் சரிகைக்கும் வெண்கலம் நல்லாப் பொருந்தும். ரோஸ் கலந்த பொன் பச்சைக்குப் பக்கத்தில தோலைச் சிவந்த மாதிரிக் காட்டும், அதை விடுங்கோ.

கடையில பரீட்சிக்கேக்க புறங்கையில பூசிப் பார்க்கிறதில பிரயோசனம் இல்லை. புறங்கை வெயில்பட்டுக் கறுத்திருக்கும், தோளின்ர நிறம் வேற. மேற்கையில ஒரு பயறளவு தட்டிவிட்டு, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில கையை நீட்டிப் பாருங்கோ. புள்ளி புள்ளியாத் தெரிஞ்சால் துகள் பெரிசு, அது மேடைக்குச் சரி, பக்கத்தில நிண்டு கதைக்கிற ஆக்களுக்குச் சரிவராது. ஒரே படலமா மினுங்கினால் துகள் சின்னன், அதுதான் உங்களுக்கு. கால் மணித்தியாலம் விட்டு ஃபோன் ஃபிளாஷ் போட்டு ஒரு படமும் எடுங்கோ. கண்ணுக்கு அளவா இருக்கிறது ஃபிளாஷில வெள்ளையா வெடிக்கும்.

அளவு: ஒரு காறை எலும்புக்கு ஒரு பயறு, ஒரு தோள் உச்சிக்கு ஒரு கடலை, மேற்கையின்ர வெளிப்பக்கத்தில தோளில இருந்து முழங்கைக்கு நாலு விரல் மேல வரைக்கும் மெல்லிய ஒரு கோடு. அவ்வளவுதான். முழங்கை மடிப்பு, கமக்கட்டு ஓரம், கையின்ர உள்பக்கம் ஒண்டுக்கும் வேண்டாம். வியர்வை ஊறுற இடத்தில துகள் வியர்வையோட வழிஞ்சு மடிப்பில தங்கும், அதுதான் நீங்கள் சொல்லுற கோடு. கை முழுக்கப் பூசினால் மினுக்கம் இல்லை, எண்ணெய் வழியிற மாதிரித்தான் தெரியும். வெளிச்சம் விழுற மேடான இடத்துக்கு மட்டும் வைக்கிறதுதான் இதின்ர முழு வித்தையும்.

லேபல்_வாசகர் எழுதியது:

நிறம் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. உருண்டு வருவதைப் பற்றிச் சொல்கிறேன். பல சன்ஸ்கிரீன்கள் காய்ந்ததும் தோலில் ஒரு சவ்வு மாதிரிப் படியும். அது இறுகுமுன் மேலே இன்னொன்றைத் தேய்த்தால் சவ்வு கிழிந்து உருளும். ஜெல் வகை லோஷன்களிலும் சிலிக்கோன் கூடியவற்றிலும் இது அதிகம். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். மினுங்கும் லோஷனைத் தேய்க்காமல் உள்ளங்கையில் பரப்பி ஒற்றி எடுங்கள். உங்களுடையது இரவு 7 மணி நிகழ்வு, அந்த நேரம் கொழும்பில் இருட்டிவிடும், சன்ஸ்கிரீனே தேவையில்லை. பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

பகல் முகூர்த்தத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சன்ஸ்கிரீனையும் மினுங்கும் லோஷனையும் உள்ளங்கையில் கலந்து பூசும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சன்ஸ்கிரீன் போத்தலில் எழுதியிருக்கும் காப்பு, ஒரு சதுர சென்டிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான் கிடைக்கும். ஒரு கைக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கலந்தால் அளவும் குறையும், படலமும் சீராகப் படியாது. சன்ஸ்கிரீனிலும் வரும் பொருள்தானே என்று மினுக்கத் துகளில் இருக்கும் டைட்டானியம் டையொக்சைட்டை நம்பவும் முடியாது. வெளிச்சத்தைத் தெறிக்கவிடச் செய்த தகடு அது, தோலை மூடிக் காக்கும் அளவுக்கு இருக்காது.

எண்ணெய் வடிவில் வருவதையும் சொல்ல வேண்டும். கண்ணாடிப் போத்தலில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மைக்கா எண்ணெயைவிட மூன்று மடங்கு அடர்த்தி, அடியில் போய்ப் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் கையில் வெறும் எண்ணெய், அடிப்போத்தலுக்கு வரும்போது சேறு. தேங்காய் எண்ணெய் சேர்ந்தது என்றால் 24 பாகைக்குக் கீழே உறையும், ஏ.சி. அறையில் வைத்தால் துகள் கட்டியாகி நிற்கும். நம் ஊர் ஈரக் காற்றில் லோஷன் வடிவம்தான் நல்லது. மூலப்பொருள் வரியில் தண்ணீர் முதலாவதாகவும் கிளிசரின் அடுத்தடுத்தும் வரட்டும். கனமான பட்டர் வகைகள் முன்னுக்கு இருந்தால் மண்டபத்துக்கு வெளியே நிற்கும் 10 நிமிடத்திலேயே பிசுபிசுக்கும்.

வீட்டில் இருக்கும் சாதாரண லோஷனில் துகள் கலந்து செய்யலாமா என்று அடுத்து யாரும் கேட்பார்கள், அதனால் இப்போதே எழுதுகிறேன். செய்யலாம். 50 கிராம் வாசனையில்லாத லோஷனுக்கு 1 கிராம் ஒப்பனைத் தர மைக்கா, அதாவது 2 சதவீதம். கூடப் போட்டால் தோலில் பொடியாக நிற்கும். அந்தந்த முறைக்கு வேண்டியதை மட்டும் சின்னக் கிண்ணத்தில் கலவுங்கள். தண்ணீரோ ரோஸ் வோட்டரோ ஊற்றி வைத்தால் லோஷனில் இருக்கும் பாதுகாப்புப் பொருள் ஐதாகிப் பூஞ்சணம் பிடிக்கும். ஃபேனை நிறுத்திவிட்டுக் கலவுங்கள், அந்தத் தூள் மூச்சுக்குள் போகக்கூடாது. புறக்கோட்டையில் கைவேலைக்கு விற்கும் கிளிட்டரைத் தோலில் போடவே வேண்டாம். அது வெட்டிய பிளாஸ்டிக், ஓரம் கூர், தோலைக் கீறும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபரில் இருந்து தூளாக வரும் பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனையைத் தடை செய்தது. கழுவினால் கான் வழியே கடலுக்குத்தான் போகும்.

இன்னொன்று, இது என் மனதில் எப்போதும் இருப்பது. இயற்கை மைக்கா இந்தியாவின் ஜார்க்கண்ட், பீகார் பக்கத்தில் சிறுவர்களையும் வைத்துத் தோண்டி எடுக்கப்படுகிறது. லேபலில் சிந்தெட்டிக் ஃபுளோர்ஃபுளோகோபைட் என்று இருந்தால் அது ஆலையில் செய்த மைக்கா. மினுக்கமும் தெளிவாக இருக்கும். கிடைத்தால் அதை எடுங்கள்.

தோல்_குறிப்பு எழுதியது:

பூசுமுன் பார்க்க வேண்டிய இரண்டு விஷயம். முதலாவது, ஒவ்வாமை. பெரும்பாலும் துகள் அல்ல, வாசனைதான் அரிப்புத் தரும். லினலூல், லிமொனீன் போன்ற பெயர்கள் லேபலில் இருக்கும். முன்கையின் உள்பக்கத்தில் ஒரு சதக் குற்றி அளவு இடத்தில் காலையும் மாலையும் 7 நாள் பூசிப் பாருங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது, தொடர்பு ஒவ்வாமை பிந்தித்தான் வெளிவரும். உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது, இன்றைக்கே தொடங்கலாம். வக்ஸ் செய்தாலோ ஷேவ் செய்தாலோ 24 மணித்தியாலம் விட்டுத்தான் பூச வேண்டும்.

இரண்டாவது, தேமல். இந்த வெக்கையில் முதுகிலும் நெஞ்சிலும் தேமல் வருகிறவர்கள் பலர். அதை உண்டாக்கும் மதுவம் (ஈஸ்ட் வகைப் பூஞ்சணம்) கொழுப்பை உண்டு வளர்வது, எண்ணெய்ப் படலம் அதற்கு வாய்ப்பு. மினுக்கமும் வெளிறிய திட்டுகளின் ஓரத்தை எடுத்துக் காட்டும். அப்படியானவர்கள் முதலில் பாமசியிலோ வைத்தியரிடமோ கேட்டுப் பூஞ்சண மருந்து போட்டு ஆற்றட்டும். மருந்து முடிந்தாலும் நிறம் திரும்பச் சில மாதம் எடுக்கும், அதனால் காறை எலும்போடு நிறுத்துவது நல்லது.

தெஹிவளை_பின்னேரம் எழுதியது:

மிக்க நன்றி. வெண்கலம் தேடுகிறேன். சாறி கட்டமுன் பூசுவதா, கட்டின பிறகா? பட்டில் பட்டுவிட்டால்?

ஒப்பனை_அறை எழுதியது:

கட்டமுன். குளிச்சு, துவாயால ஒத்தி, ஈரம் இருக்கேக்க சாதாரண லோஷன். கால் மணித்தியாலம். பிறகு மினுக்கம். இன்னும் 20 நிமிஷம் கையைத் தூக்காமல், ஒண்டிலும் சாயாமல் இருங்கோ. அதுக்குப் பிறகு டிஷ்யூ ஒண்டை விரிச்சு வைச்சு உள்ளங்கையால அமத்துங்கோ, தேய்க்காதீங்கோ. ஒட்டாத துகள் எல்லாம் அதோட வந்திடும். டிஷ்யூவில மினுக்கம் வராமல் சுத்தமா வரும்வரை புது டிஷ்யூ எடுத்து அமத்தி, பிறகுதான் பிளவுஸ். முந்தானை விழுற இடது தோளுக்கு மினுக்கமே வேண்டாம், சாறி மூடுற இடத்துக்குப் பூசி என்ன பலன்? நகை கடைசி. லோஷன் கல்லுக்குப் பின்னால போய் அடைஞ்சால் கல் மங்கும்.

பட்டில பட்டால் தண்ணி தொடக்கூடாது, ஈர டிஷ்யூவும் கூடாது. பட்டில நீர்க்கறை நிக்கும், துகளும் இழைக்குள்ள போயிடும். காய விட்டு மென்மையான பிரஷால ஒரே திசையில தட்டுங்கோ. எண்ணெய்ப் பொட்டு தெரிஞ்சால் சோளமாவைத் தூவி சில மணித்தியாலம் விட்டுத் தட்டி, அதுக்கும் போகாட்டி ட்ரை கிளீனிங்குக்குக் குடுங்கோ. குடுக்கேக்க மினுங்கிற லோஷன் பட்டது எண்டு சொல்லுங்கோ, அவங்கள் அந்த இடத்தைத் தனியாப் பார்ப்பினம்.

இரவு வந்து கழட்டேக்க தண்ணியும் சவர்க்காரமும் மட்டும் போட்டால் துகள் போகாது, உடம்பு முழுக்கப் பரவும், படுக்கை விரிப்பிலயும் ஒட்டும். முதல்ல காய்ஞ்ச தோலில கொஞ்சம் எண்ணெய் தடவிப் பஞ்சால வழிச்சு எடுங்கோ. அதுக்குப் பிறகு சவர்க்காரம்.