மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள், இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள்

வேதாளைத் தாய் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். ஏழு வயது ஆகப்போகிறது. எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்கிறாள். இவள்தான் மூத்தவள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதனால் ஒரு பிள்ளைக்கு இந்த வயதில் எவ்வளவு வர வேண்டும் என்ற அளவு எனக்குத் தெரியவில்லை. எது வராவிட்டால் கவலைப்பட வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

"படகு" என்று எழுதியிருந்தால் விரலை வைத்து ப, ட, கு என்று தனித்தனியாகச் சொல்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையசைத்தால்தான் "படகு" என்கிறாள். "கு" வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதே வயதுதான். தனியார் பள்ளியில் படிக்கிறான், ஆங்கிலப் புத்தகத்தை மளமளவென்று ஒப்பிக்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மாமியார், "நம் பிள்ளையையும் அங்கே சேர்த்திருக்கலாம்" என்கிறார். பள்ளியில் கேட்டால் "அரும்பு நிலையில் இருக்கிறாள்" என்றார்கள். அப்படியென்றால் பின்தங்கிவிட்டாள் என்று அர்த்தமா?

இன்னொன்றும் இருக்கிறது. அவளுடைய அப்பா மண்டபத்தில் விசைப்படகில் வேலை பார்க்கிறார். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த இரண்டு மாதமும் அவளுக்கு அப்பாவோடுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். பள்ளி திறந்த கையோடு அவர் கடலுக்குப் போய்விடுவார். நான் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் கடல்பாசி எடுக்கப் போகிறேன். அந்த நாட்களில் விடியும்போதே கிளம்பியாக வேண்டும். போன ஆண்டு அப்பா கடலுக்குப் போகும் நாளெல்லாம் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். மதியத்துக்குள் எழுந்து விளையாடப் போய்விடுவாள். நடிக்கிறாள் என்று நினைத்து ஒரு நாள் அடித்துவிட்டேன். அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

கடலோர டீச்சர் பதில்:

அம்மா, வணக்கம். நான் 31 ஆண்டு தொடக்கப் பள்ளியில் பணி செய்து ஓய்வு பெற்றவள். பெரும்பகுதி தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களில் கழிந்தது. முதல் இரண்டு வகுப்புகளை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

உங்கள் மகள் படிக்கும் விதத்தை நீங்கள் இவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. மூன்று எழுத்தையும் சரியாகச் சொல்கிறாள், சேர்க்கவும் தெரிகிறது. முகத்தைப் பார்ப்பது தைரியம் போதாமல்தான். முதல் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இது போதும். இரண்டாம் வகுப்பில் நடக்க வேண்டிய பெரிய காரியம், இந்தக் கூட்டிப் படிப்பது மெல்லக் குறைந்து, சொல்லை ஒரே மூச்சில் பிடிக்கத் தொடங்குவது. அது ஜூனில் நடக்காது. என் வகுப்புகளில் பலருக்கு இரண்டாம் பருவத்தில், மழைக்கால விடுமுறைகளுக்கு நடுவே, ஒரு நாள் திடீரென்று ஓட ஆரம்பிக்கும். சிலருக்குப் பொங்கல் தாண்டிவிடும்.

அவள் "கு"வில் நிற்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். மற்ற வரிசைகளில் பெரும்பாலும் ஒரே அடையாளம்தான் வரும்: துணைக்கால் போட்டால் கா, சா, தா, ஒற்றைக்கொம்பு போட்டால் கெ, செ, தெ. உகர, ஊகார வரிசைகள்தான் அப்படி அடங்காது. கு, சு, து, மு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு. பிள்ளைகள் முட்டிக்கொள்வது அங்கேதான். அந்த இரண்டு வரிசையை மட்டும் தனியாக எடுத்து, சிலேட்டில் நாளைக்கு நான்கு எழுத்து எழுதிப் பழகட்டும்.

அரும்பு என்றால் பின்தங்கியவள் என்று அர்த்தமில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கிறார்கள். பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, எங்கிருந்து சொல்லித்தர வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. ஆண்டுக்குள் மாறும். மாதம் ஒரு முறை டீச்சரைப் பார்த்து, "மொட்டுக்குப் போக இவளுக்கு என்ன குறைகிறது?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும் பெற்றோருக்கு எந்த டீச்சரும் நின்று பதில் சொல்வார்.

நிபுண் பாரத் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, முன்பு பார்க்காத ஒரு பத்தியை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் வரை புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவளை எண்ணிவிடாதீர்கள். தமிழில் "போய்க்கொண்டிருந்தார்கள்" என்பதும் ஒரு சொல்தான். படித்து முடித்ததும் "யார் போனார்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பையனிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு.

எழுத்துப் பிழை நிறைய வரும். நம் பக்கத்துப் பேச்சில் மழை "மள" ஆகிவிடுகிறது. பிள்ளை காதில் விழுந்ததை எழுதுகிறது. அதற்காக நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம்.

கணக்கில் ஒரு இடம் சொல்கிறேன். 42இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 35 என்று எழுதுவார்கள். 2இல் 7 போகாது என்பதால் 7இல் 2ஐக் கழித்துவிடுவார்கள். ஒரு முறை நான் பனையோலைக் கொட்டான்களில் பத்துப் பத்துச் சிப்பி போட்டுக் கொண்டுபோனேன். நான்கு கொட்டான், வெளியே இரண்டு சிப்பி. "எனக்குப் பதினேழு சிப்பி கொடு" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். ஒரு கொட்டானைத் தூக்கிக் கொடுத்தாள். இன்னும் ஏழு வேண்டும், வெளியே இரண்டுதான் கிடக்கிறது. கொஞ்ச நேரம் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "டீச்சர், இன்னொரு கொட்டானைக் கவிழ்க்கட்டுமா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடன் வாங்கிக் கழித்தல் என்று நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் மல்லுக்கட்டியதை அவள் ஒரு கேள்வியில் முடித்துவிட்டாள். உங்கள் வீட்டில் சிப்பிக்குப் பஞ்சம் இருக்காது. நூறு வரை இப்படிப் பத்துப் பத்தாகக் கட்டவும் பிரிக்கவும் தெரிந்துவிட்டால் மூன்றாம் வகுப்புக்குப் பயப்பட வேண்டாம்.

வீட்டுப்பாடம் என்று உட்கார வைத்து வதைக்க வேண்டாம். 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. கால் மணி நேரம் அவள் படிப்பதை நீங்கள் கேட்டால் போதும். ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கவலைப்பட வேண்டியவை சில உண்டு. அரையாண்டு முடிந்தும் அ, ஆ, இ, ஈ கலங்குகிறது, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறாள் என்றால் உடனே டீச்சரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அடித்தது உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படி ஒன்று உண்டு. ஒரு பையன் எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவான். பார்த்து எழுதுகிறான் என்று கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தேன். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்தபோதுதான் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. அவனுக்குக் கரும்பலகையே தெரிந்திருக்கவில்லை. மறுநாள் முன்வரிசைக்குக் கூட்டிவந்து எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும்.

பாம்பன் அக்கா பதில்:

தங்கச்சி, படிப்பைப் பற்றி டீச்சர் சொல்லிவிட்டார். நான் வயிற்றுவலியைப் பற்றிச் சொல்கிறேன். என் மகன் இப்போது ஆறாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பில் அவனுக்கும் இதே கதைதான். நடிப்பு இல்லை, உண்மையிலேயே வலிக்கும். அதுவரை அப்பா போனால் வருவார் என்று இருந்த பிள்ளைக்கு, ஏழு வயதில் வராமலும் போகலாம் என்று புரிய ஆரம்பித்துவிடுகிறது. நாம் வாசலில் நின்று படகு பிடிபட்டது, காற்று அடித்தது என்று பேசுவதையெல்லாம் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் செய்தது இது. தினசரி நாள்காட்டியில் அவனையே எழுத வைத்தேன். அப்பா புறப்படும் நாளில் ஒரு படகு வரைவான். திரும்பும் நாளில் ஒரு மீன். "இன்று போகிறார், நாளைக் காலையில் கரை சேருவார்" என்று அவன் அப்பா வாயாலேயே சொல்ல வைத்தேன். தாமதமானால் மறைக்க மாட்டேன், "இன்னும் வரவில்லை, வலை சிக்கியிருக்கலாம், வந்ததும் உன் பள்ளிக்கே வந்து சொல்கிறேன்" என்பேன். சொன்னபடி இரண்டு முறை பள்ளி வாசலுக்கு ஓடியிருக்கிறேன். மூன்றாம் பருவத்தில் வயிற்றுவலி நின்றுவிட்டது. கிழமை, தேதி, மாதம் எல்லாம் அந்த நாள்காட்டியிலேயே படித்துக்கொண்டான். இரண்டாம் வகுப்புப் பாடத்தில் அதுவும் வருகிறது.

வெறும் வயிற்றோடு அனுப்பாதே. நீ பாசிக்குப் போகும் நாளில் காலை உணவைப் பள்ளியிலேயே சாப்பிடட்டும், ஐந்தாம் வகுப்பு வரை கொடுக்கிறார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர யாராவது ஒரு பெரிய பிள்ளையோடு சேர்த்துவிடு.

கீழக்கரை வாப்பா பதில்:

சகோதரி, நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். என் மகன் போன ஆண்டு இரண்டாம் வகுப்பு. அவன் உம்மா போனில் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். நோட்டில் ஊர்ப் பெயரை "கீளக்கரை" என்று பத்து முறை எழுதியிருந்தான். அழகான கையெழுத்து. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு யோசித்தேன், நானே அப்படித்தானே சொல்கிறேன்?

அன்றிலிருந்து இரவு எனக்கு ஏழு மணி, ஊரில் எட்டரை ஆகும்போது, அவன் ஒரு பக்கம் படிப்பான், நான் ஒரு பக்கம் படிப்பேன். ழகரம் வரும் இடத்தில் இருவரும் நாக்கை மடித்து நிறுத்திச் சொல்வோம். இடையில் திருத்தக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். முதல் மாதம் ஒரு வரிக்கு மூன்று முறை நிற்பான், இந்தப் பக்கம் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பேன். பிப்ரவரியில் ஒரு நாள் பெரியபட்டினம் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் தானே படித்தானாம். அன்று அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டுக்காரர் கரையில் இருக்கும் நாட்களில் கேட்கட்டும். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கதையைக் கேட்டால் போதும்.

வேதாளைத் தாய் எழுதியது:

டீச்சருக்கும் அக்காவுக்கும் சகோதரருக்கும் நன்றி. நேற்றிரவு அவளிடம், "அன்றைக்கு உன்னை அடித்தது தப்பு, உனக்கு உண்மையாகவே வலித்திருக்கிறது" என்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் என் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். காலையில் அவள் அப்பா சோழிகளையும் சிப்பிகளையும் பரப்பி வைத்து 42, 17 கணக்கைக் கேட்டார். எடுத்த எடுப்பில் 35 என்றாள், டீச்சர் சொன்ன மாதிரியே. கொட்டான் இல்லாததால் தேநீர்க் குவளைகளில் பத்துப் பத்தாகப் போட்டோம். 25 வருவதற்குள் இட்லி ஆறிவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும். பாசிக்குப் போகும் நாளில் நான் கிளம்பும்போது அவள் நல்ல தூக்கத்தில் இருப்பாள். எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகவா, தூங்கட்டும் என்று விட்டுவிடவா? எழுப்பினால் அழுகிறாள்.

பாம்பன் அக்கா பதில்:

எழுப்பிச் சொல், தங்கச்சி. முதல் நாள் இரவே, "நாளைக்குக் கடலுக்குப் போவேன், மதியம் வந்துவிடுவேன்" என்று நாள்காட்டியில் அவளையே குறிக்க வை. காலையில் தலையைத் தொட்டு ஒரு முறை சொல்லிவிட்டுக் கிளம்பு. ஐந்து நிமிடம் அழுவாள். சொல்லாமல் போனால், மறுநாள் இரவு நீ எழுந்து போய்விடுவாய் என்று தூங்கவே பயப்படுவாள். என் மகன் நான்கு மாதம் என் சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுத்தான்.