கிளாடியேட்டர் கேமோ: பிரஷ்ஷா, ஏர்பிரஷ்ஷா? சண்டைய இங்க வெச்சுக்கலாம்

இறக்கை_ரெண்டு (செம்பூர்):
போன ஞாயித்துக்கிழமை என் 1/72 (நிஜத்துல 72ல ஒரு பங்கு சைஸ்) க்ளாஸ்டர் கிளாடியேட்டர் மாடலோட ஃபோட்டோ நாலு போட்டேன், பழைய பிரிட்டிஷ் சண்டை விமானம், கேமோ (எதிரி கண்ணுக்குத் தெரியாம இருக்க அடிக்கற பச்சை-பழுப்பு பெயிண்ட்) மொத்தமும் பிரஷ்ஷால அடிச்சது. அதுக்குக் கீழ ஒருத்தர் "பொம்மைக்கடை ஐட்டம் மாதிரி இருக்கு, ஏர்பிரஷ் வாங்கற வரைக்கும் கேமோ பக்கமே போகாதீங்க"ன்னு எழுதிட்டுப் போய்ட்டார். கோவமெல்லாம் இல்ல (கொஞ்சம் இருந்துச்சு). என் கட்சி இதுதான், இந்த சைஸ் பைபிளேனுக்கு (மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கு இறக்கை) பிரஷ்ஷே போதும். இறக்கை முனைக்கு முனை 13.6 செ.மீ. தான் வருது, என் உள்ளங்கைய விட்டு கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், இதுக்குப் போய் ஏர்பிரஷ் (பெயிண்ட காத்தோட பீச்சற குட்டி கன்), அதுக்குக் காத்து குடுக்க ஒரு கம்ப்ரசர்னு வாங்கி ஒன் ரூம் கிச்சன்ல எங்க வைக்கறது, மாமியார் கட்டிலுக்கு அடியிலயா?

கம்ப்ரசர்வாசி (அந்தேரி):
அந்த ஒருத்தர் நான்தான் பாஸ். சொன்னத வாபஸ் வாங்கல. நிஜ விமானத்துக்கு ஸ்ப்ரே கன்ல அடிச்சாங்க, பச்சையும் பழுப்பும் சேர்ற எடம் லேசா புகைஞ்ச மாதிரி இருக்கும். உங்களுது கத்தரிக்கோலால வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. அப்புறம் பெயிண்ட் கெட்டி. பிரஷ்ல 0.1 மி.மீ. ஏறிச்சுன்னு வைங்க, 72ஆல பெருக்குங்க, 7 மி.மீ.க்கு மேல. அது பெயிண்ட் இல்ல, சுவத்துக்குப் பூசற பூச்சு. துணி இறக்கைல ரிப் (துணிக்கு அடியில இருக்கற சட்டம்) வரி வரியா தெரியணும், உங்க படத்துல பாதி முழுகிப்போச்சு. இன்னொண்ணு கேக்கவே மறந்துட்டேன், மேல் இறக்கை நல்ல அடர் கலர், கீழ் இறக்கை ஏன் வெளிறிக் கெடக்கு? டப்பா தீந்துபோய் தண்ணி ஊத்திட்டீங்களா?

இறக்கை_ரெண்டு:
ஹா ஹா இத கேக்க மாட்டீங்களான்னுதான் காத்துட்டு இருந்தேன். அது வேணும்னே அடிச்சது. பைபிளேன்ல மேல் இறக்கையோட நிழல் கீழ் இறக்கைல விழும், ரெண்டுக்கும் ஒரே கலர் அடிச்சா மேலேர்ந்து பாக்கறவனுக்குக் கீழ் இறக்கை கருப்பா தனியா தெரிஞ்சு காட்டிக்குடுத்துடும். அதனால 1939-40 வாக்குல ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) பைபிளேன்கள்ல மேல் இறக்கைக்கு டார்க் எர்த் (அடர் பழுப்பு), டார்க் க்ரீன், கீழ் இறக்கைக்கு லைட் எர்த், லைட் க்ரீன். ஸ்வார்ட்ஃபிஷ்ங்கற கடற்படை பைபிளேன்லயும் இதே ஐடியாதான், அங்க கடல் மேல பறக்கறதால சாம்பல் குடும்பம். ஆக ஒரு குட்டி விமானத்துக்கு மேல்பக்கம் மட்டும் நாலு கலர். ஏர்பிரஷ்ல நாலு தடவ மாஸ்க் (மத்த எடத்த மூடி வெக்கறது), நாலு தடவ பெயிண்ட் கப் கழுவல். எனக்கு நாலு மூடி தண்ணியும் ஒரு பழைய பனியன் துணியும்.

கம்ப்ரசர்வாசி:
சரி, கீழ் இறக்கை விஷயம் தெரியாம பேசிட்டேன், அத ஒத்துக்கறேன். விளிம்பப் பத்தி வாயே திறக்கலயே?

இறக்கை_ரெண்டு:
திறக்கறேன். நிஜத்துல ரெண்டு கலரும் கலக்கற பட்டை 2.5 செ.மீ. இருந்துச்சுன்னு வைங்க. 1/72ல அது 0.35 மி.மீ. பேனா கோடு கனம்கூட இல்ல. இதை 30 செ.மீ. தள்ளி வெச்சுப் பாத்தா நிஜத்துல 21 மீட்டருக்கு மேல தள்ளி நின்னு பாக்கற கணக்கு, அந்த தூரத்துல புகைச்சல் எங்க தெரியும்? நீங்க ப்ளூ டேக்க (ஒட்டற களிமண் மாதிரி ஒண்ணு) புழு மாதிரி உருட்டி, விளிம்புல மாஸ்க்கா வெச்சு அடிக்கறீங்களே, அதுல 2 மி.மீ. புகைச்சல் வருது, அதாவது நிஜத்துல 14 செ.மீ. இப்ப யாருது பொம்மை?

பசை_விரல் (மாட்டுங்கா):
நடுவுல வரேன், ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரியே பேசறீங்க, தோத்தவ நான். போன வருஷம் ஜூலை மழைல, வீடு முழுக்க ஈரத்துணி காயுது, அந்த நேரம் பாத்து ஒரு ஆல்கஹால் பேஸ் அக்ரிலிக்க பிரஷ்ல போட்டேன். முதல் கோட் பரவால்ல. ரெண்டாவது கோட் போட்டதும் அடியில இருந்தது பாலாடை மாதிரி சுருண்டு பிரஷ்ஷோட வந்துடுச்சு. ஒரு பிரஷ் முடி வேற இறக்கை நடுவுல ஒட்டி, இன்னும் அங்கேயே இருக்கு.

இறக்கை_ரெண்டு:
அக்கா, அந்த டைப் பெயிண்ட்ல அடிக்கோட்ட அதே கரைப்பான் கரைச்சிடும், ஒரே எடத்துல முன்னும் பின்னும் தேய்ச்சா வம்புதான். தண்ணில கரையற அக்ரிலிக்னா முதல்ல ப்ரைமர் (அடிப்பூச்சு), இல்லன்னா நகம் பட்டாலே உரியும். பால் பதத்துக்கு நீர்க்க கலக்கி மூணு நாலு கோட், ஒவ்வொண்ணும் நல்லா காஞ்சப்புறம். முதல் கோட் பாத்தா அழுகை வரும், திட்டுத்திட்டா இருக்கும், அப்படியே விட்டுடணும், கை போகவே கூடாது. இந்த கெட்டி பிரச்சன வர்றதே ஒரே கோட்ல மூடிடணும்னு அவசரப்படறதுலதான். அப்புறம் மேல் இறக்கைய கடைசிலதான் ஒட்டணும், முன்னாடியே ஒட்டிட்டா ஸ்ட்ரட் (ரெண்டு இறக்கையையும் தாங்கற கம்பு) நடுவுல பிரஷ் நுழையாது.

கம்ப்ரசர்வாசி:
ஏர்பிரஷ் கூட நுழையாதுங்க, அதுல சண்டை இல்ல. ஆனா "பால் பதம்" எல்லாம் கைப்பழக்கம், புதுசா வர்றவனுக்கு வராது. ஏர்பிரஷ்ல ஒரே சீரா வரும்.

பசை_விரல்:
சீரா வருமா? மழைல லாக்கர் பெயிண்ட் அடிச்சு வெள்ளையா பூத்துப்போனத நீங்களே ஆகஸ்ட்ல படம் போட்டீங்களே 😀

கம்ப்ரசர்வாசி:
அது ஈரக்காத்து, ஏர்பிரஷ் குத்தம் இல்ல.

பழைய_எனாமல் (முலுண்ட்):
தம்பிகளா, எந்த விமானம்னு கேக்காமலே அடிச்சுக்கறீங்க. 1917 ஜெர்மன் ஃபோக்கர் டிஆர்.1 எடுத்துக்கோங்க, அந்த மூணு இறக்கைக்காரன். நிஜ விமானத்துலயே துணி மேல ஆலிவ் கலர பிரஷ்ஷால கோடு கோடா இழுத்துதான் விட்டாங்க, நடுநடுவுல துணி நிறம் தெரியும், அடிப்பக்கம் வெளிர் நீலம். 1/72ல இறக்கை 10 செ.மீ. தான் இருக்கும். அத ஏர்பிரஷ்ல அடிச்சா கோடே வராது, புகைதான் வரும். நான் துணி நிறத்த முழுசா போட்டு ரெண்டு நாள் எனாமல் காயவிட்டு, பழைய தட்டை பிரஷ்ல பெயிண்ட்ட பேப்பர்ல துடைச்சுட்டு காஞ்ச பிரஷ்ஷால இழுப்பேன். முடி பிரிஞ்சுபோன பிரஷ்தான் இதுக்கு ராஜா, தூக்கிப் போட்டுடாதீங்க.

கம்ப்ரசர்வாசி:
டிஆர்.1க்கு ஒத்துக்கறேன் சார். கிளாடியேட்டருக்கு மாட்டேன்.

இறக்கை_ரெண்டு:
அப்ப ஒண்ணு செய்யலாம். என்கிட்ட இன்னொரு கிளாடியேட்டர் பிரிக்காம இருக்கு, அத உங்களுக்குத் தரேன், நீங்க ஏர்பிரஷ்ல அடிங்க. ரெண்டையும் ஒரே மேசைல வெச்சு 30 செ.மீ. தள்ளி நின்னு அக்கா பாக்கட்டும்.

பசை_விரல்:
நான் ரெடி. ஆனா மழை நின்னப்புறம். லோக்கல் ட்ரெயின்ல யார் மடியில வெச்சு எடுத்துட்டு வர்றதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, பீக் ஹவர்ல வந்தா ரெண்டும் மோனோபிளேன் (ஒத்த இறக்கை) ஆயிடும்.