அப்பா சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

விருதுநகரிலிருந்து ஒரு மகன்:

அப்பாவுக்கு 74 வயது. அல்சைமர் என்று தெரிந்து மூன்று வருடமாகிறது. மறதியைக்கூடத் தாங்கிக்கொண்டோம். காலையில் காபி குடித்த நாற்காலியிலேயே மதியம் வரை உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. பேரன் வந்து நின்றாலும் முகம் திரும்பாது. பிடிவாதம் என்று நினைத்துச் சத்தம் போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

முதலில் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் மந்தமானார். அடுத்துப் பார்த்த நரம்பியல் மருத்துவர், "அழுறாரா? வாழப் பிடிக்கலைன்னு சொல்றாரா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. "அப்போ இது நாட்டமின்மை. ஒரு வேலையைத் தொடங்குற உந்துதலே மூளையில குறைஞ்சிருக்கு" என்றார். மனச்சோர்வு மாத்திரைகளில் சில இந்த மந்தத்தைக் கூட்டவும் செய்யுமாம். படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மூளையைத் தூண்டும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைப் பற்றியும் கேட்டேன். அமெரிக்காவில் 200 பேரை வைத்து ஆறு மாதம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. நாட்டமின்மை ஓரளவு குறைந்தது, நினைவாற்றல் கூடவில்லை. அப்பாவுக்கு இதயத் துடிப்பில் கோளாறு இருப்பதால் அது வேண்டாம் என்றுவிட்டார்.

அப்பா நாற்பது வருடம் மளிகைக்கடை நடத்தியவர். ஒருநாள் பழைய பேப்பரும் நூல்கண்டும் எடுத்து முன்னால் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி என்று நானே துவரம்பருப்பைக் கொட்டி, தப்பும் தவறுமாக மடித்து, பாதியில் அவர் கையில் கொடுத்தேன். விரல்கள் தானாக ஓடின. ஓரத்தை உள்ளே செருகி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலில் முறுக்கி ஒரே சுண்டில் அறுத்தார். அன்று பதினோரு பொட்டலம்! இப்போது தினமும் பத்து மணிக்கு இதுதான். முதல் மடிப்பு மட்டும் நான் போட வேண்டும்.

கோவையிலிருந்து ஒரு மருமகள்:

அந்த முதல் மடிப்புதான் அண்ணா எல்லாம். அத்தையிடம் "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்"தான். அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க அத்தை, தண்ணி சூடா இருக்கு" என்று கையை நீட்டினால் எழுந்து வந்துவிடுகிறார்.

அப்புறம் ஒன்று. இரண்டே நாளில் திடீரென்று சுருண்டு படுத்துவிட்டால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். போன ஆடியில் அத்தை அப்படிப் படுத்தார். பரிசோதித்தால் சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் துண்டைப் பார்த்ததும் மறுபடி எழுந்தார்.