17ஆவது ஆட்டம்: "மொத்தம் இருபதுதானே" என்பவர்களுக்கு

பச்சைமஞ்சள் | பிப்ரவரி 27, 2020

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் முதலாளிகளும் வீரர் சங்கமும் போடும் புது ஒப்பந்தம் பற்றிய பழைய திரியில் கணக்குப்பிள்ளை எழுதியது இது: "வீரர்கள் எதற்குக் கூப்பாடு போடுகிறார்கள்? ப்ரீசீசனில் (சீசனுக்கு முன் நடக்கும் ஒத்திகை ஆட்டங்களில்) ஒன்றைக் குறைத்து சீசனில் ஒன்றைக் கூட்டுகிறார்கள். 4+16=20. 3+17=20. கதை முடிந்தது." அதற்கு விருப்பக்குறிகள் வேறு குவிந்திருக்கின்றன. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அங்கே எழுதினால் அமுங்கிப்போகும் என்பதால் தனித்திரி.

போன ஆகஸ்டில் எங்கள் கிரீன் பே பேக்கர்ஸும் ரெய்டர்ஸும் வின்னிபெக்கில் ஆடிய ப்ரீசீசன் ஆட்டத்தை யாராவது பார்த்தீர்களா? கனடா கோல்போஸ்ட்டைப் பிடுங்கிய குழிகளைச் சரியாக மூடவில்லை. அதனால் மைதானத்தையே 80 கெஜமாகச் சுருக்கி, 10 கெஜக் கோட்டையே கோல் கோடாக்கி ஆடினார்கள். பேக்கர்ஸ் 33 பேரை உட்கார வைத்தது. எங்கள் முதன்மை குவார்ட்டர்பேக் (பந்து வீசுபவர்) ஆரன் ராட்ஜர்ஸ் அந்த ப்ரீசீசன் முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. இதையும் டிசம்பர் மாத சிகாகோ ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைத்து "மொத்தம் 20" என்கிறார். ஒத்திகையையும் கச்சேரியையும் கூட்டி எவனாவது கணக்குச் சொல்வானா?

ப்ரீசீசனுக்குச் சம்பளமும் கிடையாது, வாரப்படி மட்டும்தான். கூடுதல் ஆட்டத்துக்குத் தரும் சம்பளத்துக்கு முதலில் இரண்டரை லட்சம் டாலர் என்று உச்சவரம்பு போட்டிருந்தார்கள். ரகளையான பிறகுதான் அதை எடுத்தார்கள். நியாயமான ஒப்பந்தம் என்றால் அந்த வரி உள்ளே எப்படி வந்தது?

கணக்குப்பிள்ளை

என் பெயரில் தனித்திரியா? மிக்க நன்றி.

வின்னிபெக் ஆட்டத்துக்கு ஸ்கோர் இருந்ததா? ரெய்டர்ஸ் 22, பேக்கர்ஸ் 21. இருந்தது. அப்போது அது ஆட்டம்தான். 3+17=20.

ராட்ஜர்ஸ் 2018ல் 134 மில்லியன் டாலர் நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டவர். அவருக்கு இந்த ஒப்பந்தம் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. 53 பேர் பட்டியலில் கடைசியில் தொங்கும் புதுப் பையனுக்கு இந்த வருடமே 5,10,000 டாலர் 6,10,000 ஆகிறது. அந்தப் பையனுக்காக யாராவது திரி தொடங்குவீர்களா?

சங்கத்துக்காரன்

கணக்குப்பிள்ளை சார், மொத்த வருமானத்தில் வீரர் பங்கு 47 சதவீதத்திலிருந்து 2021ல் 48 ஆகிறது. ஒரே ஒரு சதவீதம். அதற்குப் பதிலாக 17ஆவது ஆட்டம், பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றில்) இரண்டு கூடுதல் அணி, 2030 வரை வாய்மூடி இருக்க வேண்டும். தொலைக்காட்சி ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப் போகிற நேரத்தில் முதலாளிகளுக்குத் தொழிலாளர் அமைதி தேவை. அவசரம் யாருக்கு என்று யோசியுங்கள். சங்கத்தின் செயற்குழுவே 6-5 என்று வேண்டாம் என்றது. அணிப் பிரதிநிதிகள் 17-14 என்று வாக்கெடுப்புக்கு விட்டிருக்கிறார்கள். இவ்வளவு பிளவு இருக்கும்போது "கதை முடிந்தது" என்று எப்படி எழுதினீர்கள்?

கணக்குப்பிள்ளை

கூட்டல் தெரியும் என்பதால் எழுதினேன்.

எஃகுவாசி

நான் ஒப்பந்தத்துக்கு ஆதரவு. காரணம் சுயநலம், மறைக்கவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஏழாவது அணிக்கு இடம் இருந்திருந்தால் 8-8 (8 வெற்றி, 8 தோல்வி) எடுத்த எங்கள் ஸ்டீலர்ஸ் போன சீசனில் உள்ளே போயிருக்கும்.

தங்கவேட்டை

மாற்று குவார்ட்டர்பேக் டக் ஹாட்ஜஸை வைத்துக்கொண்டு பிளேஆஃபா? இதற்காகவே நான் எதிர்ப்பு.

எஃகுவாசி

இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கடைசிக் கால் பகுதியில் பத்துப் புள்ளி முன்னிலையைத் தொலைத்த 49ers ரசிகர்கள் இங்கே பேச வேண்டாம்.

பச்சைமஞ்சள்

திரியைத் திசைதிருப்ப வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன், இந்த ஏழாவது அணித் திட்டத்தால் இனி முதலிடத்துக்கு மட்டும்தான் ஓய்வு வாரம். நாங்கள் 13-3 எடுத்து இரண்டாம் இடம் பிடித்தோம். புது விதிப்படி அந்த ஓய்வும் போயிருக்கும். 13 வென்றவனுக்கு ஓய்வு கிடையாதாம், 8 வென்றவனுக்கு வாய்ப்பாம்!

தங்கவேட்டை

ஓய்வு கிடைத்து என்ன கிழித்தீர்கள்? பிளேஆஃபில் எங்களிடம் 37-20 என்று தோற்றீர்கள். எங்கள் மோஸ்டெர்ட் 220 கெஜம், நான்கு டச்டவுன். குவார்ட்டர்பேக் கரோப்போலோ எட்டே எட்டு பந்துதான் வீசினார். நாங்கள் ப்ரீசீசன் ஆடுகிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

கணக்குப்பிள்ளை

அப்போது அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டுமா? :)

பச்சைமஞ்சள்

சிரியுங்கள். நான் விஷயத்துக்கு வருகிறேன். 2011ல் முதலாளிகள் செய்த கதவடைப்பு நான்கு மாதத்துக்கு மேல் நடந்தது. அதில் ரத்தானது எத்தனை ஆட்டம் தெரியுமா? கேன்டனில் நடக்கும் ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டம் ஒன்றே ஒன்று. அது ப்ரீசீசன் ஆட்டம். நாட்டில் ஒருவராவது அழுதாரா? செப்டம்பரில் ஒரு வார ஆட்டம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ப்ரீசீசனின் மதிப்பு அவ்வளவுதான். அதைக் கழித்துக்கொண்டு உண்மையான ஆட்டத்தைக் கேட்பது, செல்லாத நோட்டைக் கொடுத்து மீதிச் சில்லறை கேட்கிற வேலை.

ராட்ஜர்ஸ் சொன்னதும் இதுதான். 16 ஆட்டம் என்பது பேரத்துக்கு உரிய விஷயமே இல்லை என்றார். ஜே.ஜே. வாட் கண்டிப்பாக மாட்டேன் என்றுவிட்டார். ஷெர்மன் எதிர்ப்பு. எஃகுவாசி அவர்களே, உங்கள் மார்கீஸ் பவுன்சியும் எதிர்ப்புத்தான். கதவடைப்பு வந்தால் பணமில்லாத இளைய வீரர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று வீடியோவே போட்டார். களத்தில் அடிவாங்குகிறவர்கள் இத்தனை பேர் வேண்டாம் என்கிறார்கள், சோபாவில் உட்கார்ந்து கூட்டுகிறவர் வேண்டும் என்கிறார்.

கணக்குப்பிள்ளை

ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அதில் ஆடும் இரண்டு அணிகளுக்கு ஒவ்வொரு வருடமும் 5+16=21. அவர்கள் யாராவது வழக்குப் போட்டார்களா?

மட்டுறுத்துநர்

ஒரு சின்ன வேண்டுகோள். "ஆட்டம்" என்று இந்தத் திரியில் எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. சம்பளம் தரும் ஆட்டமா, முதல் வரிசை வீரர்கள் ஆடும் ஆட்டமா, உடம்பில் அடி விழும் ஆட்டமா?

கணக்குப்பிள்ளை

விசில் ஊதினால் ஆட்டம்.

பச்சைமஞ்சள்

பார்த்தீர்களா மட்டுறுத்துநரே, இவரிடம்தான் நான் மாரடித்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கத்துக்காரன்

ப்ரீசீசனை ஒரேயடியாகக் குப்பை என்பதையும் நான் ஏற்கமாட்டேன், பச்சைமஞ்சள். 90 பேர் 53 ஆகும் இடம் அது. ட்ராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எவனும் எடுக்காத பையனுக்கு அந்த நான்காவது ஆட்டம்தான் நேர்முகத் தேர்வு. 2010ல் விக்டர் க்ரூஸ் ஜெட்ஸுக்கு எதிராக மூன்று டச்டவுன் போட்டுத்தான் ஜயண்ட்ஸில் இடம் பிடித்தார்.

எஃகுவாசி

அது நான்காவது இல்லை, முதல் ப்ரீசீசன் ஆட்டம்.

சங்கத்துக்காரன்

நான் சொல்லவந்தது வேறு.

எஃகுவாசி

வேறுதான். ஆனால் அது முதல் ஆட்டம்.

பச்சைமஞ்சள்

சங்கத்துக்காரரே, நீங்கள் யார் பக்கம்? நான்காவது ஆட்டத்தைப் பறித்தால் ஏழைப் பையனுக்கும் நஷ்டம், 17ஆவதைச் சேர்த்தால் பெரிய வீரனுக்கும் நஷ்டம் என்று எழுதுங்கள், இரண்டும் என் கட்சிதான். சராசரி வீரனின் தொழில்வாழ்க்கை மூன்று ஆண்டு சொச்சம் என்று சங்கமே சொல்கிறது. அதில் கூடுதலாக விழும் ஒவ்வொரு மோதலும் முழங்காலிலிருந்தும் மூளையிலிருந்தும்தான் கழிகிறது. வியாழக்கிழமை இரவு ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு அடிவாங்கி நான்கே நாளில் மறுபடியும் இறங்க வேண்டும். பாதுகாப்பு முக்கியம் என்று மேடையில் பேசிவிட்டு, மறுபக்கம் ஆட்டத்தைக் கூட்டுகிறார்கள்.

சங்கத்துக்காரன்

நான் சங்கத்தின் பக்கம். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். 1987ல் 24 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது முதலாளிகள் கருங்காலிகளை வைத்து மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். அப்போது மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போன பெரிய தலைகள் யார் யார்? டல்லஸ் கௌபாய்ஸின் டோனி டோர்செட், ராண்டி வைட். கணக்குப்பிள்ளை எந்த அணி ரசிகர் என்று எல்லோருக்கும் தெரியும். பரம்பரைக் குணம்.

கணக்குப்பிள்ளை

இருவரும் 1994ல் ஒரே நாளில் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்கள். வெளியே கொடி பிடித்து நின்றவர்களின் பெயர்ப் பட்டியலை அனுப்புங்கள், தேடிப் பார்க்கிறேன்.

1993க்கு முன் ஆடிய கிழவர்களின் ஓய்வூதியத்தை இந்த ஒப்பந்தம் உயர்த்துகிறது. அதைப் பற்றி உங்கள் சங்கப்பற்று ஒரு வரிகூட எழுதவில்லை.

பச்சைமஞ்சள்

ஓய்வூதியம் தரட்டும், வேண்டாம் என்றது யார்? அதற்கு 17ஆவது ஆட்டம் எதற்கு? கிரீன் பே மட்டும்தான் பங்குதாரர்கள் வைத்திருக்கும் அணி, அதனால் கணக்கை வெளியே காட்ட வேண்டியிருக்கிறது. 2019 ஜூலையில் காட்டிய கணக்கில், லீக் பிரித்துக் கொடுத்த தொகை மட்டும் 274 மில்லியன் டாலர். 32 அணிக்கும் அதே தொகை. டிக்கெட், பீர், தொப்பி எல்லாம் தனி. இவ்வளவு வைத்துக்கொண்டு கிழவர்களைக் காட்டிப் பேரம் பேசுகிறார்கள், அதற்கு இவர் தாளம் போடுகிறார். 1995 சீசனுக்குப் பிறகு சூப்பர் பவுல் பக்கமே எட்டிப் பார்க்காத அணியின் ரசிகரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது.

கணக்குப்பிள்ளை

2015 ஜனவரி, லாம்போ மைதானம். எங்கள் டெஸ் ப்ரையன்ட் பந்தைப் பிடித்தார், நடுவர்கள்தான் இல்லை என்றார்கள்.

பச்சைமஞ்சள்

பிடிக்கவில்லை. விதி விதிதான்.

கணக்குப்பிள்ளை

அந்த விதியை 2018ல் மாற்றினார்கள். ஏன்?

தங்கவேட்டை

இதுதான் திரியிலேயே உருப்படியான கேள்வி.

மட்டுறுத்துநர்

டெஸ் ப்ரையன்ட் விவாதத்துக்குத் தனித்திரி உண்டு. பூட்டப்பட்டிருக்கிறது, காரணத்தோடுதான்.

எஃகுவாசி | மார்ச் 15, 2020

முடிவு வந்துவிட்டது. ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. ஒப்பந்தம் நிறைவேறியது. ஊரே வைரஸால் மூடிக் கிடக்கிறது, என்.பி.ஏ. நின்றுவிட்டது, இவர்கள் மட்டும் எண்ணி முடித்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

3+17=20 என்பது 1,019 பேருக்குப் புரிந்திருக்கிறது.

பச்சைமஞ்சள்

60 வாக்கு வித்தியாசம்! ஏறத்தாழ 500 பேர் வாக்களிக்கவே இல்லை. முப்பது பேர் மனம் மாறியிருந்தால் சரிசமம். இதை வெற்றி என்று கொண்டாடுங்கள். ஆதரித்தவர்களில் யாருமே உங்கள் கூட்டலைப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் என்கிற தூண்டிலைப் பார்த்துப் போட்டார்கள். ஒரு லட்சம் டாலர், வாழ்க்கையில் மூன்றே வருடம் சம்பாதிக்கப் போகிறவனுக்குப் பெரிய பணம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நிலைமையைத் தெரிந்துகொண்டு பேரம் பேசியவர்களைத்தான் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து 18 கேட்பார்கள். 2011லேயே கேட்டவர்கள்தான்.

கணக்குப்பிள்ளை

2+18=20.

சங்கத்துக்காரன்

நிதானமாகக் கேட்கிறேன். 17 ஒற்றைப்படை எண். யாருக்கு 9 உள்ளூர் ஆட்டம், யாருக்கு 8? அதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லையே.

எஃகுவாசி

ஸ்டீலர்ஸுக்கு 9.

தங்கவேட்டை

நீங்கள் எப்படியும் 8-8தான். இனி 8-9.

பச்சைமஞ்சள்

சீசன் டிக்கெட்டில் ப்ரீசீசனையும் முழு விலைக்குத் தலையில் கட்டும் அணிகள் இருக்கின்றன. நான் ஓர் ஊரில் அப்படி வாங்கி ஏமாந்தவன். பாதி அரங்கம் காலி, களத்தில் பெயர் தெரியாத பையன்கள், விலை மட்டும் குறையவில்லை. அணி பெயரைச் சொல்ல மாட்டேன். அதையும் ஆட்டம் என்று எண்ணச் சொன்னால் எனக்கு...

கணக்குப்பிள்ளை

டிக்கெட்டில் "ஆட்டம்" என்று அச்சடித்திருந்ததா இல்லையா?

தங்கவேட்டை | மார்ச் 17, 2020

குவார்ட்டர்பேக் டாம் பிராடி நியூ இங்கிலாந்து அணியை விட்டுப் போகிறாராம்! புதுத்திரி யார் தொடங்குகிறீர்கள்?

பச்சைமஞ்சள்

நான் தொடங்குகிறேன். கணக்குப்பிள்ளை அங்கே வரக்கூடாது.

கணக்குப்பிள்ளை

வருவேன்.