அண்ணன் பாசத்துக்கு அழுதோம். பட்டா யார் பெயரில்?

வெண்ணாறு:
பெண்களின் பாடுகளைத் தமிழ் சினிமா சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லவில்லை என்று போன வாரம் அரசலாறு ஐயா எழுதியிருந்தார். சொல்கிறது, மறுக்கவில்லை. எந்தப் பாடுகளைச் சொல்கிறது என்பதுதான் என் கேள்வி. கற்பு, கண்ணீர், மாமியார், வரதட்சணை, இப்போது புதிதாகச் சமையலறை. நம் காவிரி டெல்டா பக்கத்தில் ஒரு பெண் தலைநிமிர்ந்து இருப்பதும் இல்லாததும் பிறந்த வீட்டு நிலத்தில் அவளுக்குப் பங்கு வந்ததா என்பதைப் பொறுத்தது. அது மட்டும் திரைக்கு வருவதில்லை.

"பாசமலர்" 1961-இல் வந்தது. சிவாஜியும் சாவித்திரியும் அழுவதைப் பார்த்துப் பாட்டி அழுதார், அம்மா அழுதார். அதற்குப் பிறகு வந்த அண்ணன் தங்கைப் படங்களுக்குக் கணக்கே இல்லை. சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வரும், கேமரா ஒவ்வொரு தட்டாக நின்று நின்று நகரும். பாகப் பத்திரம் வைத்த தட்டு எந்தப் படத்தில் வந்தது? பெயரைச் சொல்லுங்கள், இன்றிரவே பார்க்கிறேன்.

அரசலாறு:
படம் பார்க்க வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறீர்கள் அம்மா. கிராம நிர்வாக அலுவலர் செய்ய வேண்டிய வேலையை இயக்குநர் தலையில் கட்டலாமா?

நம் மண்ணிலிருந்தே சொல்கிறேன். பாபநாசத்தில் பிறந்த கே.சுப்பிரமணியம் 1939-இல் "தியாகபூமி" எடுத்தார். கதை, மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக் கல்கியுடையது. கணவன் துரத்திய கதாநாயகி சாவித்திரி பின்னாளில் பெரிய சீமாட்டியாகத் திரும்பி வருகிறாள். சேர்ந்து வாழ வரச்சொல்லிக் கணவன் வழக்குப் போடுகிறான். நீதிமன்றத்தில் நின்று, வர முடியாது, வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். சென்னை மாகாணத்தில் இந்துப் பெண் விவாகரத்துக் கேட்க வழி செய்த சட்டம் 1949-இல்தான் வந்தது. சட்டத்துக்குப் பத்து ஆண்டு முன்பே சினிமா பேசிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"தில்லானா மோகனாம்பாள்" படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், 1968. திருவாரூர்ப் பெண் மோகனா. பணக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் போதும், அது எப்படிப்பட்ட வாழ்க்கையாக இருந்தாலும் சரி என்று தாயார் நெருக்குகிறார். மகள் முடியாது என்கிறாள். தேவதாசி முறையை எதிர்த்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் காலமெல்லாம் போராடிய விஷயம் இது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது என்று பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, பத்மினி முகத்தில் பார்ப்பது வேறு.

கோரையாறு:
இரண்டு பேரும் பழைய படத்திலேயே நிற்கிறீர்கள். இன்றைய நிலைமையைப் பேசுவோம். எங்கள் ஊரில் பெண்கள்தான் கல்லூரிக்குப் போகிறார்கள், பையன்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. இத்தனைக்கும் பிறகு சினிமாக்காரர்கள் ஆண்பிள்ளை என்றாலே அரக்கன் என்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"தி கிரேட் இந்தியன் கிச்சன்" என்ற மலையாளப் படம் 2021-இல் வந்தது, 2023-இல் தமிழிலும் எடுத்தார்கள். படம் முழுக்கப் பாத்திரம் கழுவுவதும், ஒழுகுகிற குழாயும்தான். கடைசியில் அழுக்குத் தண்ணீரைக் கணவன் மீதும் மாமனார் மீதும் ஊற்றிவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள். எங்கள் அம்மாவும்தான் ஆயுள் முழுக்கச் சமைத்தார், யார் மீது தண்ணீர் ஊற்றினார்?

வெண்ணாறு:
குழாயைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை முறை கேட்கிறாள் என்பதைக் கவனித்தீர்களா தம்பி? உங்கள் அம்மாவுக்கு ஊற்றத் தோன்றியதா இல்லையா என்று நீங்கள் கேட்டதும் இல்லை.

அரசலாறு ஐயாவுக்கு. "தியாகபூமி" எனக்கு எதிரான சாட்சி இல்லை, என் பக்கத்துச் சாட்சி. சாவித்திரிக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? பம்பாய் அத்தையின் சொத்து அவளுக்கு வந்தது. கையில் சொத்து இருந்ததால்தான் ஜீவனாம்சம் தருகிறேன் என்று சொல்ல முடிந்தது. அத்தை இல்லாத சாவித்திரிகள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் கேட்கிறேன். மோகனாவும் அப்படித்தான். தாயாரை எதிர்த்து நின்றவள், மிச்சப் படம் முழுக்கக் காதலன் சிக்கல் சண்முகசுந்தரத்தின் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அத்தனை பெரிய ஆட்டக்காரிக்கு அதுதான் வேலையா?

சொத்தும் அதிகாரமும் உள்ள பெண்ணை நம் சினிமா என்ன செய்தது என்பதற்கு "மன்னன்" போதும், 1992. விஜயசாந்தி ஆலை முதலாளி. ரஜினி அங்கே தொழிலாளி. திமிர் பிடித்தவள் என்று படம் முழுக்க அடக்கி, கடைசியில் அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டுக் கணவன் வேலைக்குப் போகிறான். அதைச் சுபமான முடிவு என்று கைதட்டினோம்.

ஒரு கையெழுத்தையும் சொல்கிறேன். எங்கள் அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்துத் தாய்மாமாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்த அன்று நான் கூடப் போயிருந்தேன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடி. மாமா பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தார். பத்திர எழுத்தர் நல்லவர், "வாசித்துக் காட்டட்டுமா அம்மா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள், "அண்ணன் தங்கைக்குள் என்ன வாசிக்கிறது" என்று மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். விரல் மையைத் துடைக்கத் துணி இல்லாமல் முந்தானையின் உள்பக்கத்தில் துடைத்துக்கொண்டார். மதியம் ஓட்டலில் இலைச் சாப்பாடு, ஒரு பட்டுப்புடவை. எத்தனை மா நிலம் போயிற்று என்று அம்மாவுக்கு இன்றும் தெரியாது.

குடமுருட்டி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்குத் தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் பங்கு உண்டு, பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 1989 திருத்தம் அந்த உரிமையைக் கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே திருமணம் ஆன பெண்களை விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடையும் போயிற்று. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோ விற்றிருந்தாலோ அதைக் கலைக்க முடியாது.

கோரையாறு:
சட்டம் தெரியும் ஐயா. சீர் செய்ததை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது? நகை, பாத்திரம், வளைகாப்பு, தலைப்பிரசவம், காதுகுத்துக்குத் தாய்மாமன் முறை, வருடா வருடம் பொங்கல் சீர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது யார் பார்த்தது? கூட்டுறவுச் சங்கக் கடன் யார் பெயரில் நிற்கிறது? மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருடம் யார் வயிற்றில் ஈரத்துணி? நிலம் என்றதும் வருமானம் கொட்டுகிறது என்று நினைக்காதீர்கள். அண்ணன் தம்பிக்குள் பிரித்தே துண்டு துண்டாகக் கிடக்கிறது, தங்கைக்கும் கொடுத்தால் வரப்பு மட்டும்தான் மிஞ்சும். இதையும் சினிமா காட்டட்டும்.

அரசலாறு:
தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அப்பாவை யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு பதில்: தம்பி மனைவிதான் பார்த்திருப்பார். அவருக்கும் அந்த நிலத்தில் பெயர் இல்லை.

பாமணியாறு:
இத்தனை நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கா தங்கைக்கா என்று நீங்கள் சண்டை போடுகிற நிலத்தில் நட்டது என் அம்மா. எங்களுக்குப் பங்கும் இல்லை, பத்திரமும் இல்லை, விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

சினிமாவில் நடவு எப்போது வரும்? பாட்டில் வரும். கதாநாயகி சேலையைச் சொருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இரண்டு நாற்றை நடுவாள், கதாநாயகன் வரப்பிலிருந்து பார்ப்பான். விடியற்காலையில் நாற்றங்காலில் நிற்கிற குளிர், சேற்றுப்புண், குனிந்த முதுகு நிமிர மறுப்பது, ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி, இதெல்லாம் பாட்டில் வராது. சமமான வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-இலேயே சட்டம் வந்துவிட்டது. நூறு நாள் வேலையில்தான் அம்மா முதன்முதலாக அப்பா வாங்கிய அதே கூலியை வாங்கினார். இப்போது பாய் நாற்றங்கால் போட்டு இயந்திரத்தில் நட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு வயலில் இருந்த வேலையும் குறைந்துவிட்டது. அந்தக் கதையை யாராவது எடுத்தார்களா? 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, கூலி நெல் கேட்ட போராட்டம் அது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டெல்டாவில் பெண் பட்ட பாடு என்று பேசத் தொடங்கினால் அங்கேயிருந்து தொடங்க வேண்டும் வெண்ணாறு அக்கா, தாய்மாமாவின் காபி பிளாஸ்க்கிலிருந்து இல்லை.

வெண்ணாறு:
வாங்க வேண்டிய அடிதான், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தங்கைக்கே பங்கு கொடுக்காதவன் நட்டவளுக்குக் கொடுப்பானா? இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினால் வரப்பில் நிற்பவருக்குத்தான் வசதி.

பாமணியாறு:
பங்கு வாங்கிய தங்கை மட்டும் எங்கள் கூலியை ஏற்றினாரா? எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை.

அரசலாறு:
சினிமாவுக்காக ஒன்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். "அவள் ஒரு தொடர்கதை" வந்தது 1974-இல். சுஜாதா சம்பளத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிறது. தான் மணந்துகொள்ள இருந்தவனைத் தங்கைக்குக் கட்டிவைத்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறாள். குடும்பம் தன் சம்பளத்தை உறிஞ்சுகிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பேச்சு கிடைத்ததே அந்தப் படத்துக்குப் பிறகுதான். என் சொந்த அக்காவே சொன்னார். படத்தில் பட்டா இல்லைதான். பேச்சாவது கிடைத்ததா இல்லையா?

வெண்ணாறு:
கிடைத்தது ஐயா. பேசிவிட்டு உங்கள் அக்கா சம்பளக் கவரை யாரிடம் கொடுத்தார்?

அரசலாறு:
அப்பாவிடம்தான்.

கோரையாறு:
எல்லோரும் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டீர்கள். சரி, ஒளிக்காமல் கேட்கிறேன். தை பிறந்ததும் எங்கள் அக்கா கையெழுத்துப் போட வருகிறார். பத்திரம் எழுதித் தயாராக இருக்கிறது. அவர் மனமுவந்துதான் தருகிறார், யாரும் மிரட்டவில்லை. இதில் என்ன தப்பு?

வெண்ணாறு:
தப்பென்று நான் சொல்லவில்லை. பத்திரத்தை முதல் நாள் வீட்டிலேயே அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள். எத்தனை மா நிலம், இன்றைக்கு ஒரு மா என்ன விலை போகிறது என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மனமுவந்து போட்டால் உங்களிடம் நான் வாதாட வரமாட்டேன்.

கோரையாறு:
விலையைச் சொன்னால் அத்தான் விடமாட்டார்.

பாமணியாறு:
அத்தானை யார் கேட்டது? அக்காவிடம் சொல்லுங்கள்.