அம்மாவின் போனில் 9 சதவீதம்

மதுரையிலிருந்து

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் கரையேறாமல் சென்னைக்கு எதிரே கடலில் ஊர்ந்தபடியே கொட்டித் தீர்த்த நாள். அம்மா வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் தனியாக இருந்தார். 71 வயது. நான் மதுரையில். முந்தின ராத்திரியே கரன்ட் போய்விட்டது. காலை ஆறரைக்குக் கூப்பிட்டு, "வாசப்படி ரெண்டு முழுகிருச்சுடா. மூணாவதுக்கு இன்னும் நாலு விரக்கடை இருக்கு. போன்ல 60 காட்டுது. பயப்படாத" என்றார். அதோடு வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு நான் அடித்தபோது போன் அணைந்திருந்தது. மத்தியானம் மாடி வீட்டுக்காரர்கள் வந்து அம்மாவைக் கைப்பிடித்து மேலே கூட்டிப் போயிருக்கிறார்கள். அது எனக்குத் தெரிய மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. அந்த ஒன்றரை நாளில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத வேண்டாம்.

பத்து நாள் கழித்துச் சென்னை போனபோது அந்த போனை வாங்கிப் பார்த்தேன். ஏழு மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் 43 அழைப்புகள். அம்மா எடுத்துப் பேசியவை 26. அத்தை, சித்தப்பா, அப்பாவோடு ஆபீசில் இருந்தவர்கள், எப்போதோ எதிர்வீட்டில் குடியிருந்தவர். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "எப்படி இருக்கீங்க, தண்ணி உள்ள வந்துருச்சா?" ஒரு பெரியம்மா வீடியோ காலில் வந்து தண்ணீரைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அம்மா ஜன்னலைத் திறந்து, சாரல் போனில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு ஆறு நிமிஷம் காட்டியிருக்கிறார். அது முடிந்தபோது 9 சதவீதம் இருந்ததாம். டவர் சரியாகக் கிடைக்காதபோது போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். மிச்சமிருந்ததும் அப்படியே போய்விட்டது.

"ஏம்மா எல்லாத்தையும் எடுத்த?" என்று கேட்டேன்.

"அக்கறையா விசாரிக்கிறவங்கள எடுக்காம எப்படிடா விடுறது? மரியாதையா இருக்குமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்மா தலைமுறைக்குப் போனை எடுக்காமல் விடுவது மரியாதைக்குறைவு. நமக்கோ நீலக் குறி விழுந்த பிறகும் பதில் வராவிட்டால் மனத்தாங்கல். இரண்டு பழக்கமும் வெள்ள நாளில் ஆளைக் கொன்றுவிடும். தண்ணீர் சூழ்ந்த வீட்டில் போன் சார்ஜ் என்பது பானையில் மிஞ்சியிருக்கும் அரிசி. பாசத்தோடு விசாரிக்கப் போன நாங்கள் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு வந்தோம்.

என் தப்பு இதைவிடப் பெரியது. அன்று பதினொன்றரைக்கு, "அம்மா, வயது 71, வேளச்சேரி, தண்ணீர் சூழ்ந்துவிட்டது, படகு அனுப்புங்கள், உடனே பகிரவும்" என்று எழுதி, விலாசமும் என் நம்பரும் போட்டு ஏழெட்டு குரூப்புகளுக்கு அனுப்பினேன். தேதி போடவில்லை. நேரம் போடவில்லை. அம்மா பத்திரமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். புதன்கிழமை மத்தியானம் ஒரு பையன் கூப்பிட்டான். தொண்டை கட்டிப்போன குரல். "அண்ணா, அம்மா இன்னும் உள்ளதான் இருக்காங்களா? வாசல்ல படகோட நிக்கிறோம். கூப்பிட்டுப் பாத்தோம், சத்தம் இல்ல, அதான் கதவ உடைக்கலாமான்னு கேக்கறோம்."

என் பழைய செய்தி இரண்டு நாளாகக் கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. "அம்மா மேல் வீட்டில் இருக்கிறார், படகு வேண்டாம்" என்று ஒரு வரி போட எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா, நல்லா இருக்காங்கள்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு வைத்தான். அந்தப் படகு அந்த நேரத்தில் வேறு எந்த வாசலில் நின்றிருக்க வேண்டும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் வேறு. ஆரஞ்சு, ரெட் என்று வானிலை மையம் எது சொன்னாலும் அன்றைக்கு அம்மாவிடம் பேசுவது நான் ஒருவன். மற்றவர்கள் என்னிடம் கேட்டுக்கொள்வார்கள். காலை 7, பகல் 1, ராத்திரி 7. அம்மா போனை ஆன் செய்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டு அணைத்துவிடுவார். பேச முடியாத அளவுக்கு டவர் மோசமாக இருக்கும்போதும் எஸ்.எம்.எஸ். பல நேரம் நுழைந்து வந்துவிடும். முதலில் நேரம், பிறகு தண்ணீர் எந்தப் படியில், பிறகு என்ன வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077ஐக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். பெரியம்மாவுக்குத்தான் வருத்தம். "நான் கேட்டா மட்டும் சார்ஜ் போயிருமா?" என்று ஒரு மாதம் பேசவில்லை.

சைதாப்பேட்டையிலிருந்து

மதுரைக் கடிதத்தைப் படித்தேன். நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. செல்போன்கள் ஊமையாகிவிட்டன. எங்கள் வீட்டில் தூசி படிந்து கிடந்த தரைவழி போன் மட்டும் வேலை செய்தது. நாலு தெருவிலிருந்து ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் வந்து பேசிவிட்டுப் போனார்கள். வரிசையில் நின்றவர்கள் யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசவில்லை. "உயிரோட இருக்கோம், மொட்டை மாடில இருக்கோம், வெக்கிறேன்." யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் அந்த அளவு தெரிந்திருந்தது. மறுநாள் 'தி இந்து' வரவில்லை. வேலையாட்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால் சென்னையில் அச்சாகவில்லை.

எனக்கு வேறொரு ஆதங்கம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பது பின்னால் எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிற்று. ஆனால் அந்த எண்ணை அன்று மாலையே என் காதில் போட்டிருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. முப்பது வருஷம் கணக்கு நடத்திய எனக்கே உறைக்காது என்றால் பக்கத்து வீட்டு இட்லிக்கடை அம்மாவுக்கு எப்படி? ஒரு நாள் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்படியென்றால் நொடிக்குச் சுமார் 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் நொடிக்கு 68 லாரி. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் 136 லாரித் தண்ணீர். இதை இட்லிக்கடை அம்மாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அதே மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ. "49 செ.மீ." என்று வாசித்தால் போய்விடும். வளர்ந்த ஆளின் முழங்கால் அளவு, அத்தனையும் வானத்திலிருந்து நேராக விழுந்தது என்றால் பிள்ளைகள் குனிந்து தங்கள் காலைப் பார்க்கிறார்கள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். கடலும் சூடு, காற்றும் சூடு. இப்படிப்பட்ட மழை இனியும் வரும். கேட்பவருக்குப் புரிகிற அளவையில் சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிறேன். "ஆற்றோரம் இரண்டு தெரு முழுகும், விடிவதற்குள் கிளம்புங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

ஏரல் பக்கத்திலிருந்து

அம்மாவோட போன் கதையப் படிச்சதும் தம்பி ஞாபகம் வந்துட்டு. 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை எங்க பக்கம் விடாம பெஞ்ச மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பேரோட நின்னுபோச்சு. தாமிரபரணி கரையத் தாண்டி வந்து எங்க ஊர நாலாபக்கமும் வளைச்சுட்டு. கரன்ட் இல்ல, டவர் இல்ல. ரெண்டரை நாள் பள்ளிக்கூட மாடியில இருந்தோம்.

தம்பி துபாய்ல இருக்கான். டி.வி.யில ஏரல் கடைவீதி முங்கிக் கெடக்குறதப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான். சிக்னல் வந்ததும் என் போன் நிக்காம அடிச்சுது. மொத்தமா அவன் அனுப்புனது. முதல்ல "அண்ணே எப்படி இருக்கீங்க". அடுத்து "ஏன் பதில் இல்ல". அடுத்து "எம்மேல என்ன கோவம்". அதுக்கப்புறம் அஞ்சு வருசத்துக்கு முந்தின வீட்டுப் பங்கு விசயத்தை எடுத்து நீளமா எழுதிருக்கான். "அத மனசுல வச்சுக்கிட்டுதான் பேசாம இருக்கீங்க." ஒரு டிக்னா செய்தி போயே சேரலன்னு அவனுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். பயம் வந்துட்டா தெரிஞ்சதும் மறந்துபோகும். கடைசில வெறும் "அண்ணே". அதுக்குக் கீழ இன்னொரு "அண்ணே". அப்படியே பதினோரு தடவ.

எனக்கு டைப் பண்ணக் கை வரல. வாய்ஸ்ல "எல்லாரும் இருக்கோம்ல"ன்னு மட்டும் சொன்னேன். அவன் பங்கு விசயம் எழுதுனத அழிச்சுட்டான். நான் அதுக்கு முந்தியே படிச்சுட்டேன்னு அவன்ட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து

எங்கள் ஊர் தென்பெண்ணைக் கரை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கடந்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை. மறுநாள் காற்று அடங்கியதும் கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தோம். ஊர் குரூப்பில் 180 பேர் இருக்கிறோம். விழுந்த மரத்தின் படங்கள், யாருக்கோ கல்யாண நாள் வாழ்த்து, அதற்குக் கீழே வரிசையாகக் கேக் படங்கள். சாத்தனூர் அணையில் கூடுதலாகத் திறக்கப் போகிறார்கள் என்ற எச்சரிக்கையை ராத்திரி ஒருவர் அதே குரூப்பில் போட்டிருக்கிறார். அதன்மேல் இன்னும் இருபது கேக் விழுந்துவிட்டது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து திறந்தது நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி. சைதாப்பேட்டை ஐயா லாரிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 400 லாரி.

எங்களை எழுப்பியது டேங்க் ஆபரேட்டர் அண்ணன். கையில் டார்ச், காலில் செருப்புகூட இல்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டி, "ஆத்துல தண்ணி தொறந்துட்டாங்க, மாட்ட அவுத்து மேட்டுக்கு ஓட்டுங்க" என்று கத்திக்கொண்டே போனார். நான் அந்த எச்சரிக்கையைக் காலையில் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டுதான் பார்த்தேன். வாழ்த்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போது எச்சரிக்கைக்கென்று தனி குரூப் வைத்திருக்கிறோம். அதில் நாலு பேர் மட்டும்தான் எழுத முடியும். மற்றவர்கள் படிக்கலாம். அது அடித்தால் யாரானாலும் எழுந்து பார்க்கிறோம்.

ஈரோட்டிலிருந்து

எங்களுக்கு வெள்ளம் இல்லீங்க, வெயில். 2024 ஏப்ரல் கடைசியில இங்க 42 டிகிரியத் தாண்டுச்சு. எங்கப்பா தள்ளுவண்டியில வெள்ளரிக்கா விக்கிறார். "பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்"ங்கற படத்தை அவருக்கு அனுப்பி, கீழ ஒரு இதயமும் போட்டேன். வாய்ஸ்ல பதில் வந்துச்சு: "சாமி, அந்த மூணு மணி நேரந்தான் வெள்ளரிக்கா விக்கும்." கோபமே இல்லாம சொன்னார். அன்னைக்குச் சாயங்காலம் பெரிய குடை ஒண்ணு வாங்கி வண்டியில கட்டிக் குடுத்தேன். இப்ப ரெண்டு மணிக்குக் கூப்பிட்டு, மோர் குடிச்சாச்சான்னு கேக்கறேன். படம் அனுப்பறதில்லை.

மதுரையிலிருந்து, மறுபடியும்

என் கடிதத்துக்குப் பின் வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏரல் அண்ணன் எழுதிய "அண்ணே, அண்ணே" வந்ததும் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். பிறகு, "அந்தத் தம்பிய யாரும் குத்தம் சொல்லாதீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பெரியம்மாவும் அப்படித்தானே பதறியிருப்பார் என்றார். நான் அந்த ஆறு நிமிஷத்தை மட்டுமே கணக்கு வைத்திருந்தேன். பெரியம்மாவுக்கு அன்றைக்கே போன் போட்டு, மழை நாளில் எனக்கு அம்மா அனுப்பும் செய்தி அப்படியே உங்களுக்கும் வரும் என்று சொன்னேன். "அதச் செஞ்சா போதும்டா, நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்" என்றார்.

போன வியாழக்கிழமை சென்னைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. ராத்திரி சரியாக ஏழுக்கு வந்தது: "7.00. மூணு படியும் காய்ஞ்சிருக்கு. போன் 84. ரசம் வெச்சேன். அக்காவுக்கு அனுப்பிடு."