பொருள்: ட்ரம்பெட்டின் லீட்பைப்புக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்குள் வேண்டும்

கோபியிலிருந்து, திங்கள் இரவு

வணக்கம். எங்கள் பள்ளி பேண்டுக்குப் புது ட்ரம்பெட் வாங்கப் போகிறோம். இரண்டு கருவிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். எதை வாங்கலாம், ஏன் என்று பிள்ளைகளும் பெற்றோரும் படிக்கிற மாதிரி நாலு பக்கம் எழுதுகிறேன். வெள்ளி மதியம் ஈரோட்டில் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

லீட்பைப் என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். ஊதுவாயைச் செருகும் இடத்திலிருந்து சுருதி சேர்க்க இழுக்கும் ஸ்லைடு வரை போகிற நேர்க்குழாய் அது. நீளம் ஏறக்குறைய ஒரு சாண். உள்விட்டம் வாய்ப் பக்கம் 9 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, மறுமுனையில் 11.7 மி.மீ. அளவில் இருக்கும். அந்த மூன்று மில்லிமீட்டர் எங்கே மெதுவாக விரிகிறது, எங்கே சட்டென்று விரிகிறது என்பதில்தான் ஊதுவதற்கு லேசா கனமா என்பது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

முதல் வரைவைக் கணினியில் மொழிபெயர்த்தபோது 'ஈயக் குழாய்' என்று வந்தது. அதைப் படித்த ஒரு தாய் நேராக வகுப்புக்கே வந்து, "பிள்ளைங்க வாய் வைக்கிற சாமானத்துல ஈயமாங்க சார்?" என்று கேட்டார். அவர் பயந்தது சரிதான். இது ஈயத்தைக் குறிக்கும் லெட் இல்லை, இட்டுச்செல்லும் லீட், குழாய் பித்தளை. இந்தக் குழப்பம் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. உதவுங்கள்.

அவிநாசியிலிருந்து, செவ்வாய் காலை

புதுச்சொல் எதற்கு? நாதஸ்வரத்தில் இருக்கிறதே. வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் செருகுகிற உலோகக் குழல் கெண்டை. அதற்குக் கீழே மரத்தாலான உலவு, கடைசியில் அணசு. ட்ரம்பெட்டில் ஊதுவாய்க்கும் உடலுக்கும் நடுவே நிற்பதும் கெண்டைதான். விரிந்த முனையை மணி என்று எழுதியிருப்பீர்கள், அதையும் அணசு என்று மாற்றுங்கள்.

கெண்டை என்ற பெயரே அழகு. கெண்டை மீனைப் பாருங்கள், கெண்டைக்காலைப் பாருங்கள், ஒரு பக்கம் திரண்டு மறுபக்கம் ஒடுங்கி வரும். குழலுக்கும் அந்த வடிவத்தால்தான் பெயர் வந்திருக்கும் என்பது என் ஊகம். எங்கள் அப்பா கச்சேரிக்குக் கிளம்பும்முன் கெண்டையைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். அதே வேலையைத்தான் உங்கள் பிள்ளைகளும் செய்யப் போகிறார்கள்.

கோவையிலிருந்து, செவ்வாய் மாலை

அணசுக்கு என் முழு ஆதரவு. கெண்டைக்கு இல்லை. கெண்டை சின்னது, சீவாளியைத் தாங்குவது. ட்ரம்பெட்டில் அந்த வேலையை ஊதுவாயின் காம்பும் அதை ஏற்கும் கழுத்தும் செய்கின்றன. ஒரு பெயரை இன்னொரு உறுப்புக்குத் தூக்கிக் கொடுத்தால் இரண்டையும் படிக்கிற பிள்ளை தடுமாறும்.

குழாய் வேண்டாம், குழல் என்றே எழுதுங்கள். இரண்டும் குழி, குழை என்ற உறவுக்குள் வருபவைதான். ஆனால் இன்றைக்குக் குழாய் என்றால் தண்ணீர், குழல் என்றால் இசை. வினைத்தொகையாகப் 'புகுகுழல்' என்று வைக்கலாம். காற்று புகுந்தது, புகுகிறது, புகும், மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. இன்னும் பழையது வேண்டுமானால் தூம்பு. மலைபடுகடாம் களிற்றுயிர்த் தூம்பு என்கிறது. யானை தும்பிக்கையால் பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் கருவி. பித்தளைக் கருவிக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

பவானியிலிருந்து, புதன்

தூம்பு வரைக்கும் போனவர் வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டார். சங்கப் பாட்டில் கால் என்றால் காற்று. கடுங்கால் என்றால் கடுங்காற்று. கால் என்றால் நீர் ஓடும் வழியும்கூட. ஒரே சொல்லில் காற்றும் வழியும்! 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. வளைந்து வளைந்து போகும் அந்த வாய்க்காலும் ஒன்றரை மீட்டர் நீளத்தை மடித்து வைத்த ட்ரம்பெட்டும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. 'ஊதுகால்' என்று வையுங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து, புதன் இரவு

இருபது வருடமாகக் கல்யாணத்துக்கும் தேருக்கும் ஊதுகிறேன். ஊதுகால் என்றால் வீங்கின கால் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். லீட்பைப்பு என்றே எழுதினால் கடைக்காரருக்கும் புரியும், ரிப்பேர்காரருக்கும் புரியும்.

சொல்லை விடுங்கள், விஷயத்தைச் சரியாக எழுதுங்கள். சாதாரண அமைப்பில் ஸ்லைடு அதைத் தாங்கும் உறைக்குழாய்க்குள்ளே நுழைகிறது. அதை இழுக்க இழுக்க, லீட்பைப்பு முடிகிற இடத்துக்கு அடுத்து அகலமான ஒரு பள்ளம் உண்டாகும். திருப்பிப் போட்ட அமைப்பில் ஸ்லைடு லீட்பைப்பின் மேலே ஏறி ஓடும். காற்று கடைசிவரை ஒரே குழாயில் போகும், தடை குறைவாகத் தெரியும். எனக்கு முதல் அமைப்புதான் பிடிக்கும், ஸ்வரம் கெட்டியாக உட்காரும். என் தம்பிக்கு இரண்டாவது. பிள்ளைகளை ஊத வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ட்ரம்பெட் செய்யும் பாக் கம்பெனியின் லீட்பைப்பில் 25 என்று எண் வரும். அது வடிவத்தின் எண், மில்லிமீட்டர் இல்லை என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம் பித்தளை. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் இருக்கும் மஞ்சள் பித்தளையில், எச்சில் பட்டுப் பட்டுத் துத்தநாகம் கரைந்து போகும். உள்ளிருந்து அரித்து, வெளியே செம்புப் பொட்டு தெரியும்போது குழாய் போயிருக்கும். என் முதல் கருவி அப்படித்தான் போனது. துடைக்கத் துடைக்க அந்தச் சிவப்பு மறையவே இல்லை. செம்பு 85, 90 பங்கு உள்ள பித்தளை அதைவிடத் தாங்கும். பள்ளிக்கு அதையே பாருங்கள்.

கோபியிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் எல்லாச் சொற்களையும், நான் யோசித்து வைத்திருந்த முன்குழல், தலைக்குழலையும் பலகையில் எழுதினேன். முன்குழல் என்றதும் பாதிப் பேர் முன்னால் விரிந்திருக்கும் அணசைக் காட்டினார்கள். தலைக்குழலைச் சீமைப் புல்லாங்குழலின் முதல் துண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். புகுகுழல் அவர்கள் வாயில் நிற்கவில்லை. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் 'வாய்க்குழல்' என்றாள். கேட்ட உடனே எல்லோரும் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள். வாய்க்கால் போல நடுவில் க் போட்டு அப்படியே எழுதுகிறேன். லீட்பைப் முதல் பக்கத்தில் ஒருமுறை கூடவே வரும். ஈயம் இல்லை என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. ஸ்லைடுக்கு இந்த வாரம் சொல் தேட நேரமில்லை.

அவிநாசியிலிருந்து, வெள்ளி காலை

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் ஊதுவாய் என்று ஒன்று இருக்க, வாய்க்குழல் என்றால் ஊதுவாயின் குழல் என்றுதானே படும்? அடுத்த பதிப்புக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு நாதஸ்வரத்தைக் கழற்றிக் காட்டுங்கள். கெண்டையை நானே கொண்டு வருகிறேன்.